பேனட்மேல் வைத்த மருந்துப் பெட்டி

தோளில் நீலப் பெட்டியை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக மாடுகளுக்குத் தடுப்பூசி போட வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் பட்டயம் படித்தவர்கள், மீதிப் பேர் பட்டமே வாங்கியவர்கள். எழுதுகிற நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். வெட்கப்பட்டு இதைச் சொல்லவில்லை. விழுப்புரத்தில் ஒரு மாட்டாஸ்பத்திரியில் சாணி வாரும் தினக்கூலியாக நுழைந்தேன். ஓய்வு பெறும்போது மருந்துக் குளிர் அறையின் சாவி என் இடுப்பில் தொங்கியது. நடுவில் எத்தனையோ டாக்டர்கள் வந்தார்கள், போனார்கள். உதைக்கிற மாட்டுக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று அவர்களில் பலருக்குக் காட்டிக் கொடுத்தவன் நான்தான். பெருமுக்கல் மலைமேல் ஏறிவிட்ட ஆடுகளை இறக்க முடியவில்லை என்று மேய்ப்பவர்கள் கையை விரித்தபோது, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறிப் போய் ஊசி போட்டுவிட்டு வந்த ஆளும் நான்தான். திண்டிவனம் பக்கம் கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் சொல்வார்கள்.

இவ்வளவு பெருமைக்காரன் ஒரு நாள் இருபது பாட்டில் மருந்தை வெறும் வெள்ளைத் தண்ணீராக்கினேன். அதைத்தான் எழுதப் போகிறேன். மலையேறிய கதையால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. உங்களுக்கும் கால் இருக்கிறது, ஏறிவிடுவீர்கள்.

மாட்டின் வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் கிளப்பி, கறவையைப் பாதியாக்கி, சினையைக் கலைத்துவிட்டுப் போகும் கோமாரியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கான தடுப்பு மருந்து உறையவும் கூடாது, சூடேறவும் கூடாது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஏன் கூடாது என்பது எனக்குப் பல வருஷம் தெரியாது. தெரியாமலே ஒழுங்காக வேலை பார்த்தேன். கொஞ்சம் தெரிந்துகொண்ட பிறகுதான் கெடுத்தேன்.

அந்த வருஷம் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா எங்களுக்கு விழுப்புரத்தில் ஒரு வகுப்பு வைத்தார். வயதில் என் மகளைவிடச் சிறியவர். மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் ஜாடி. அதற்குள் ஐந்து மூலை கொண்ட பன்னிரண்டு துண்டுகள், ஓரங்களில் காந்தம் பதித்தவை. "கிருமியைச் சுத்தி ஒரு கூடு இருக்கு. புரதத்தால ஆன கூடு. அஞ்சஞ்சு அலகு சேர்ந்து பூ மாதிரி ஒரு துண்டு ஆகும். அந்த மாதிரி பன்னிரண்டு துண்டு சேர்ந்தா முழுக்கூடு. அதை யாரும் உட்கார்ந்து கோக்கிறதில்லை. தானாவே சேருது. பாருங்க" என்று ஜாடியை ஆட்டினார். துண்டுகள் மோதின, ஒட்டின, பிரிந்தன, மறுபடி ஒட்டின. கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு உருண்டைப் பந்து கிடந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் எழுந்து போய், பந்தை உடைத்துப் போட்டு, ஜாடியை வாங்கி ஆட்டினேன். டாக்டரம்மாவைவிடச் சீக்கிரமாக எனக்குச் சேர்ந்தது. "அண்ணனுக்கு நல்ல கைராசி" என்றார். அந்த மிதப்பில் டீ குடிக்க வெளியே போய்விட்டேன். வகுப்பின் மறுபாதியில் அவர் சொன்னதை நான் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒலக்கூர் பக்கத்து ஊர் ஒன்றில் முகாம். ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில் கோமாரி இறங்கிவிட்டது என்று தகவல். இரண்டு ஊர் மாடும் அந்த ஒரே ஏரியில்தான் தண்ணீர் குடிக்கும். ஆஸ்பத்திரி ஜீப் பழுதுபார்க்கப் போயிருந்ததால் நான் பெட்டியோடு பஸ்ஸில் கிளம்பினேன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ஒரு மணி நேரம், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. இதற்கு எதற்கு நாலு ஐஸ் பை என்று இரண்டு மட்டும் வைத்தேன். அனுபவஸ்தனின் கணக்கு அது.

டிரைவர் எனக்குத் தெரிந்தவர். இந்த ரூட்டில் எனக்குத் தெரியாத டிரைவர் கிடையாது. "அண்ணே, முன்னாடி வாங்க. பொட்டிய இப்படி வைங்க, பத்திரமா இருக்கும்" என்று தன் பக்கத்தில், இன்ஜினை மூடியிருக்கும் பேனட்டைத் தட்டிக் காட்டினார். நூறு பேர் நெரிசலில் நிற்கும் பஸ்ஸில் என் பெட்டிக்கு முன்வரிசை மரியாதை. வைத்தேன்.

விக்கிரவாண்டி தாண்டியதும் நடுரோட்டில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. இரண்டரை மணி நேரம் பஸ் நகரவில்லை. சித்திரை வெயில். டிரைவர் இன்ஜினை நிறுத்துவதும் போடுவதுமாக இருந்தார். நான் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். திண்டிவனத்தில் இறங்கிப் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் பைகளில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. வெப்பமானி முப்பத்தொன்பது காட்டியது.

இங்கே நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, போனை எடுத்து டாக்டரம்மாவிடம் சொல்வது. எனக்கோ ஜாடி ஞாபகம் வந்தது. கூடு பிரிந்தால் என்ன, ஆட்டினால் சேரும், என் கண்ணால் பார்த்தது, என் கையால் செய்தது. மீன் மார்க்கெட்டுக்குப் போய் ஐஸ் கட்டி வாங்கி உடைத்துப் பெட்டியில் நிரப்பினேன். நிழலில் உட்கார்ந்து, பாட்டிலுக்கு நூறு தடவை என்று எண்ணி, இருபது பாட்டிலையும் ஆட்டினேன். ஊர் போய்ச் சேரும்போது வெப்பமானி ஐந்தில் நின்றது. மருந்து எப்போதும்போல வெள்ளையாக, பால்போல இருந்தது. என் மனசில் பயமே இல்லை. இன்னும் சொன்னால், கெட்டிக்காரத்தனம் பண்ணிவிட்டதாகவே நினைத்தேன்.

மந்தைவெளியில் இருநூறு மாடு நின்றது. கூலியை விட்டுவிட்டு விடிந்ததிலிருந்து ஜனங்கள் காத்திருந்தார்கள். முதல் ஆளாக நின்றவர் அஞ்சலை. கழனி வேலைக்குப் போகிறவர். நிலம் கிடையாது, ஒரு கலப்பினப் பசு மட்டும் உண்டு. அது ஐந்து மாதச் சினை. மகளின் நர்சிங் படிப்பு அந்தப் பசுவின் மடியில்தான் நடந்துகொண்டிருந்தது. போன வருஷம் வரை ஊசி என்றாலே "பால் வத்திப் பூடும்" என்று மாட்டை ஒளித்துவைத்தவர். நாலு தடவை வீட்டுக்குப் போய்ப் பேசி அவரை முகாமுக்கு வரவைத்தவன் நான்.

எனக்கு முன்பே அங்கே வந்து காத்திருந்த டாக்டரம்மா பெட்டியைத் திறந்தார். திறந்தவர் முகத்தைப் பின்னால் இழுத்தார்.

"அண்ணே, மருந்துப் பெட்டியில மீன் வாசம் வருதே?"

நான் பெருமையாகவே எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, வெயில், முப்பத்தொன்பது, ஐஸ் கட்டி, நூறு நூறு தடவை ஆட்டியது. "ஒங்க ஜாடிதான் எனக்குக் கை குடுத்தது டாக்டரம்மா" என்றேன்.

அவர் திட்டவில்லை. என்னை வேப்பமரத்துக்குப் பின்னால் கூட்டிப் போனார். "அண்ணே, அது பொம்மை. காந்தம் எத்தனை தடவை பிரிஞ்சாலும் காந்தம்தான். நிஜக் கூட்டுல உள்பக்கமா ஒரு சின்னப் புரதம் ஒட்டிக்கிட்டு இருக்கும். சூட்டுல கூடு பன்னிரண்டு துண்டா கழலும்போதே அது உதிர்ந்துபோயிடும். அப்புறம் குளிர வச்சாலும் ஆட்டினாலும் பழைய கூடு வராது. கிருமி உசுரோட ஒரு செல்லுக்குள்ள இருந்தா புதுசு புதுசா கூடு கட்டும். நம்ம பாட்டில்ல இருக்கிறது செத்த கிருமி. கூடு மட்டும்தான் நமக்கு மருந்தே. மாட்டு உடம்பு அந்த முழுக்கூட்டைப் பார்த்துத்தான் எதிரியை அடையாளம் வச்சுக்கும். துண்டைக் காட்டினா சரியா கத்துக்காது. இதைத்தானே அன்னிக்கு வகுப்புல சொன்னேன்?"

"நான் டீ குடிக்கப் போயிட்டேன்" என்றேன்.

அவர் ஏரிப் பக்கம் கையைக் காட்டினார். "இதைப் போட்டா மாட்டுக்குக் கெடுதல் இல்லை. நல்லதும் இல்லை. எல்லாரும் ஊசி போட்டாச்சுன்னு தைரியமா ஏரியில கொண்டுபோய் விடுவாங்க. போடலைன்னா, இந்த ஜனத்தை மறுபடி இங்க சேர்க்க முடியுமான்னு தெரியலை. புது மருந்து விழுப்புரத்துக்கு வர ரெண்டு நாள் ஆகும்."

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். போட்டுவிடலாம் என்று தோன்றியது. பாட்டிலைப் பார்த்து ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. நோய் வந்தாலும் "ஊசி எல்லா மாட்டுக்கும் பிடிக்காது" என்று சொல்லிவிடலாம், அப்படிச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் பெயர் கெடாது. நம் வேலையில் பெரிய ஆபத்து இதுதான். கெட்டுப்போன மருந்தும் நல்ல மருந்தும் ஒரே நிறம்.

"போடக் கூடாது டாக்டரம்மா" என்றேன்.

"அப்ப நீங்களே சொல்லுங்க. இந்த ஊரு நம்புறது உங்களைத்தான்."

போய் நின்று சொன்னேன். "இந்த மருந்து செத்துப்போச்சு. வழியில சூடு ஏறிடிச்சு. கெடுத்தது நான்தான், வேற யாரும் இல்ல. ரெண்டு நாள்ல புது மருந்து வரும்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பன்னிரண்டு மாடு வைத்திருந்த ஏழுமலை என்ற விவசாயி முன்னால் வந்தார். "இன்னாங்க வெளையாட்றீங்களா? தொட்டுப் பாத்தேன், சில்லுனு கீது. போட்டுட்டுப் போங்க. காது வில்லை நம்பர கம்ப்யூட்டர்ல ஏத்தி, ஊசி போட்ட சீட்டு குடுத்துட்டீங்கன்னா நான் ரெண்டு காளைய சந்தைக்கு ஓட்டினு பூடுவேன்."

"சில்லுனு இருக்குது, ஆனா உள்ள சரக்கு இல்லீங்க."

"எனக்கு சீட்டு போதும்யா, சரக்கு எதுக்கு?"

சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை. மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார்:

"ஏம்பா பொட்டிக்காரரே, நாலு தபா என் ஊட்டு வாசல்ல வந்து நின்னு ஊசி ஊசின்னு சொன்னது நீதான?"

"நான்தாம்மா."

"அந்தாண்ட ஊருல ஒரு மாட்டுக்கு வாயெல்லாம் வெந்து கெடக்குது. அதுக்குத்தான் பயந்துக்கினு இட்டாந்தேன். இப்ப தண்ணிய தூக்கினு வந்து நிக்கிறியே. எம்மாடு செனையா கீதே, ரெண்டு நாளுக்கு யாரு பொறுப்பு?"

 

டாக்டரம்மா அப்போதுதான் தன் திறமையைக் காட்டினார். "அம்மா, நம்ம பாட்டில்ல கூடு சிதறிப்போச்சு இல்லையா, வெளியில திரியிற கிருமிக்கும் அதே கூடுதான். அதையும் சிதற வைக்கலாம். புளிப்பும் ஆகாது அதுக்கு, சோடாக்காரமும் ஆகாது" என்றார். என்னை ஆட்டோவில் திண்டிவனத்துக்கு விரட்டி, சலவைச் சோடா வாங்கி வரச் சொன்னார். ஊருக்குள் நுழைகிற மூன்று வழியிலும் சோடாத் தண்ணீரில் நனைத்த சாக்குகளை விரித்தோம். மல்லாட்டைக் கடலை மூட்டைச் சாக்குகளைக் கொடுத்தவர் ஏழுமலைதான். திட்டிக்கொண்டேதான் கொடுத்தார். வருகிற கால், பால்காரர் வண்டிச் சக்கரம், எல்லாம் அதை மிதித்துத்தான் உள்ளே வர வேண்டும். மாட்டை ஏரிக்கு ஓட்டக் கூடாது, வீட்டிலேயே கட்டித் தண்ணீர் காட்ட வேண்டும். மருந்து செத்துவிட்டது என்று தெரிந்ததால்தான் ஜனங்கள் இதற்குச் சம்மதித்தார்கள். ஊசி போட்டிருந்தால் ஒருவரும் சாக்கை மதித்திருக்க மாட்டார்கள்.

மூன்றாம் நாள் விழுப்புரம் குளிர் அறையில் நாலு ஐஸ் பையை எண்ணி வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் அஞ்சலை நின்றார்.

"இன்னாம்மா இங்க?"

"ஊருல பேசி அனுப்பிச்சாங்க. ஒன்ன நம்பி பொட்டிய உட வேணாமாம். நான் கூட வந்து இட்டுக்கினு போவணுமாம்."

முப்பது வருஷத்துக்குமேல் வேலை பார்த்தவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைக் கொடுத்தேன்.

பஸ்ஸில் அதே டிரைவர். "அண்ணே, பொட்டிய முன்னாடி குடுங்க" என்று பேனட்டைத் தட்டினார். "ஒன் இன்ஜினு மேல வச்சி அவிச்ச வரைக்கும் போதும். வண்டிய ஓட்டுப்பா" என்று அஞ்சலை நிழல் பக்கமாக மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டார். "இதுக்குள்ள இன்னாதான் கீது?"

டாக்டரம்மா சொன்னதை என் பாஷையில் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப நோயோட சட்டை மட்டும்தான் கீது. உள்ள ஆளு இல்ல."

"ஆமா."

"சட்டையப் பாத்து வச்சிக்கினு, ஆளு வந்தா மாடு அடிக்கும்."

"ஆமாம்மா, அதேதான்."

"நீ அன்னிக்கி கொண்ணாந்தது கிழிஞ்ச துணி."

"ஆமா."

"இத மொதல்லயே இப்படிச் சொல்லியிருந்தீன்னா, நாலு தபா நடந்திருக்க வேணாம், ஒரு தபாவுல வந்திருப்பேன். பால் வத்தாது, பால் வத்தாதுன்னே சொல்லிக்கினு இருந்த."

அன்றைக்கு எனக்குக் கிடைத்த பாடம் இதுவும்தான். ஜனங்களுக்குப் புரியாது என்று நாமே முடிவு கட்டி, பாதியைச் சொல்லாமல் விடுகிறோம். எனக்குச் சொன்ன பாதியை நான் கேட்காமல் விட்டதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நீங்கள் படித்தவர்கள், உங்களுக்குக் கூட்டின் படம் தெரியும், புரதங்களின் பெயர் தெரியும். ஊரில் போய் நின்றால் அதைச் சொல்லுங்கள். கேட்பவர் தன் சொல்லில் மாற்றிப் புரிந்துகொள்வார்.

ஊரில் ஆட்டோ நின்றதும், டாக்டரம்மா கை நீட்டினார். அஞ்சலை பெட்டியைத் தானே திறந்து, உள்ளே கையைவிட்டுப் பார்த்து, வெப்பமானியை அவரிடம் காட்டி "இன்னா காட்டுது?" என்றார். "அஞ்சு." "வழியெல்லாம் மூடினுதான் இருந்தது" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகுதான் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். முதல் ஊசி அவர் பசுவுக்கு. கடைசி மாடு முடியும்வரை பெட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பாட்டில் எடுத்ததும் மூடியைத் தானே மூடினார்.

ஊசி பிடிக்க இரண்டு வாரத்துக்குமேல் ஆகும், அதுவரை சாக்கு நனைந்தே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் தினமும் போன் பண்ணிக் கேட்டேன். ஊர் நனைத்தது. இருந்தும் நோய் வந்தது. இரண்டாம் முகாமுக்கு மாட்டை ஓட்டி வராத இரண்டு வீடுகளிலும், ஏழுமலை சந்தையில் புதிதாக வாங்கி வந்த காளைக்கும் வந்தது. ஏழுமலையின் மற்ற மாடுகள் தப்பின. அஞ்சலையின் பசுவுக்கு ஒன்றும் வரவில்லை. டாக்டரம்மா நடந்ததை நடந்தபடி அறிக்கையில் எழுதினார். என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பேனட்டில் வைத்தேன், ஆட்டினேன், டீ குடிக்கப் போனேன் என்று மூன்று வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த மாவட்டத்தில் இவ்வளவு சுருக்கமாக விளக்கம் எழுதிய ஆளும் நான்தான்.

ஆறு மாதம் கழித்து அடுத்த சுற்று ஊசி. விழுப்புரத்தில் பெட்டியைக் கட்டிவிட்டு வாசலைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு நானே தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஊரில் இறங்கியபோது ரோட்டோரத்தில் அஞ்சலை நின்றார். பசுவோடு ஒரு கிடேரிக் கன்று, பிறந்து இரண்டு மாதம் இருக்கும்.

நான் கிட்டே போனதும் பெட்டியின் மூடியைத் தூக்கி உள்ளே கையைவிட்டார். கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்தார். எடுத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு, மூடியை அழுத்தி மூடினார்.

"இதுக்கும் போடுவியா?" என்று கன்றைக் காட்டினார்.

"நாலு மாசம் ஆவணும்மா. இந்தத் தபா பெரிசுக்கு மட்டும்தான். இதுக்கு அடுத்த தபா."

"சரி, அடுத்த தபாவும் நீயே தூக்கினு வா" என்று சொல்லிவிட்டு, பசுவை முன்னால் விட்டு மந்தைவெளிக்கு நடந்தார்.